வீட்டுப் பூனைக்குத் தனிமை வாட்டுமா? துணைக்கு இன்னொன்று வாங்கலாமா?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கம் காலையில் பூட்டினால் இருட்டிய பிறகே திறக்கும் வீடுகள் நிறைய. ஒருவருக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, ஒருவருக்குக் கல்லூரி, இன்னொருவர் தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வருகிறவர். இப்படிப்பட்ட வீடுகளிலும் இப்போது பூனை வளர்க்கிறார்கள். பகல் முழுக்கத் தனியாகக் கிடந்து அது ஏங்கிப் போகிறதோ என்ற கவலையும் கூடவே வந்துவிடுகிறது.

யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். "பூனைக்கு ஏது ஏக்கம், வேளைக்குச் சோறு வைத்தால் போதும்" என்பார்கள் பெரியவர்கள். "பாவம், துணைக்கு இன்னொன்று வாங்கி விடுங்க" என்பார் குட்டி விற்கிறவர். முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் அதைவிடக் குறைவு. அவருக்கு வியாபாரமும் ஆக வேண்டுமே. பூட்டிய வீட்டுப் பூனையின் குறை பெரும்பாலும் வேலையில்லாக் குறை. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பூனை எப்படிப்பட்ட பிராணி

நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்பதை 2007ல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. மேற்காசியாவில் மனிதர்கள் பயிரிட்டுத் தானியம் சேர்க்க ஆரம்பித்தார்கள். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்புகள் கிடைத்தன. அதன் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டு. அதாவது பூனையை யாரும் பிடித்துவந்து பழக்கவில்லை. வேலை இருந்த இடத்துக்கு அதுவாக வந்து சேர்ந்தது.

காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும். ஓர் எலி ஒரு பூனைக்கு ஒரு வாய். பங்கு போட அதில் ஒன்றுமில்லை. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டம் சேர்ந்து பெரிய மிருகத்தை வீழ்த்திப் பகிர்ந்து தின்றது. ஆகவே நாய்க்குக் கூட்டம் பிழைப்பு. பூனைக்கு அப்படியில்லை. ஆனால் இதிலிருந்து "பூனை தனிமை விரும்பி" என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. மீன் மார்க்கெட், இறைச்சிக் கடை, ஓட்டல் பின்புறம் என்று இரை தாராளமாகக் கிடைக்கும் இடங்களில் தாய், மகள், சகோதரி எனப் பெண் பூனைகள் ஒன்றாகவே வாழும். ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும். கூட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பூனை நிலைமையைப் பார்த்து முடிவு செய்கிறது.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆற்காடு பக்கத்து அரிசி ஆலைகளிலும் மண்டிகளிலும் பூனைக்கு எலி பிடிக்கும் உத்தியோகம். ஓட்டு வீடுகளில் பரண், புழக்கடை, மதில் சுவர், பக்கத்து வீட்டுக் கூரை எல்லாம் அதன் ராஜ்ஜியம். ஒரே பூனை நாலு வீட்டில் நாலு பெயரோடு திரிந்தது. "சோறு வைத்தால் போதும்" என்று சொன்னவர்கள் பார்த்தது அந்தப் பூனையை. அதற்குச் சோறு மட்டும் வைத்தால் போதும்தான். மற்றதெல்லாம் வெளியே கிடைத்தது. கிரில் கேட்டும் கொசுவலை அடித்த ஜன்னலும் உள்ள இரண்டாவது மாடி வீட்டில் அந்த "மற்றதெல்லாம்" ஒன்றும் கிடையாது.

நம்மோடு அதற்கு ஒட்டுதல் உண்டா

உண்டு. எவ்வளவு என்பதில்தான் ஆராய்ச்சியாளர்களிடையே பேதம்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 20 பூனைகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2015ல் வந்தது. குழந்தை தாயையோ நாய் எசமானரையோ பாதுகாப்புக்குத் தேடுவதுபோல் பூனை தேடுவதாகத் தெரியவில்லை என்றார்கள். 2019ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வேறு கதை சொன்னது. புது அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம், தனியாக இரண்டு நிமிடம், வளர்ப்பவர் திரும்பி வந்த பின் இரண்டு நிமிடம். அவர் வந்ததும் பதற்றம் தணிந்து, அவரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினால் அது பாதுகாப்பான பிணைப்பு. குட்டிகளில் சுமார் 64 விழுக்காடும் வளர்ந்த பூனைகளில் சுமார் 66 விழுக்காடும் அப்படி நடந்துகொண்டன. மனிதக் குழந்தைகளிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு அவ்வளவு பெரிதில்லை. பூனைக்கு ஆள் மீது ஒட்டுதல் இருக்கிறது. ஆனால் ஆள் இல்லாதபோது அதைத் தாங்குவது இடம். மூலை முடுக்கெல்லாம் தன் வாசனை படிந்த, நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிற வீடு அதற்கு ஒரு தைரியம். வீடு மாறும்போது கெட்டிக்காரப் பூனையும் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்குவது அதனால்தான், நீங்கள் கூடவே இருந்தாலும்.

குட்டிப் பருவமும் இதில் சேர்கிறது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களை அது ஆயுளுக்கும் ஏற்றுக்கொள்ளும். எட்டு வாரம் ஆகும் முன்பே தாயிடமிருந்து பிரித்த பூனைகளிடம் ஆக்ரோஷம் அதிகம் என்று ஃபின்லாந்தில் நடந்த பெரிய ஆய்வு 2017ல் சொன்னது. கடையில் உள்ளங்கை அளவு குட்டியைக் காட்டி "இப்பவே எடுத்தால்தான் பழகும்" என்றால் நம்ப வேண்டாம்.

ஏக்கம், சலிப்பு, பதற்றம்

வீட்டில் "ஏங்கிப் போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று நிலைகள் கலந்து கிடக்கின்றன.

1. சலிப்பு. செய்ய ஒன்றுமில்லாத நிலை. ஓடிப் பிடிக்க எதுவுமில்லாத பூனை காலைக் கடிக்கும், திரைச்சீலையில் ஏறும், விடிகாலை நாலு மணிக்கு முகத்தைத் தட்டும். இளம் பூனைகளிடம் அதிகம் பார்ப்பது இதுதான்.

2. பிரிவுப் பதற்றம். குறிப்பிட்ட ஆள் இல்லாதபோது மட்டும் வருவது. பிரேசிலில் 223 பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு நடத்திய ஆய்வு 2020ல் வெளியானது. அதில் 30 பூனைகளுக்கு இந்தச் சிக்கல் இருந்தது. பொருள்களைக் கிழிப்பது முதலிடம். ஓயாமல் கத்துவதும் கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதும் அடுத்து. விளையாட்டுச் சாமான் இல்லாத வீடு, வேறு பிராணி இல்லாத வீடு, வாரத்தில் பெரும்பாலான நாள் ஆள் இல்லாத வீடு ஆகியவற்றில் கூடுதலாகக் காணப்பட்டது.

3. துணைப் பிரிவு. கூடவே வளர்ந்த பூனையோ நாயோ, அன்றாடம் மடியில் வைத்திருந்த பாட்டியோ போய்விட்ட பிறகு சில வாரம் தேடுவது, கத்துவது, தீனி குறைவது.

பிரேசில் ஆய்வில் "வேறு பிராணி இல்லாத வீடு" என்று வருகிறதே, அப்படியானால் இரண்டாவது பூனை தீர்வுதானே என்று கேட்கலாம். இரண்டும் சேர்ந்து காணப்பட்டதை மட்டும்தான் அந்த ஆய்வு சொல்கிறது. துணை சேர்த்துவிட்டால் தீரும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. அந்த விஷயத்தைப் பிறகு பார்ப்போம்.

ஏக்கம் என்று முடிவு செய்யும் முன்

இந்த இடத்தில் நிதானம் தேவை. மனக்குறை என்று நினைத்த பல விஷயங்கள் உடல் நோயாக முடிகின்றன.

1. படுக்கையில் சிறுநீர். "பழி வாங்குது" என்பது மனிதர் கட்டிய கதை. 2002ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிரிவுப் பதற்றத்தால் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்த பூனைகளில் முக்கால்வாசி தேர்ந்தெடுத்த இடம் வளர்ப்பவரின் படுக்கை. காரணம், உங்கள் வாசனை அங்கேதான் அதிகம். ஆனால் இதே அறிகுறி சிறுநீர்ப்பை அழற்சிக்கும் உண்டு. மன அழுத்தம் அந்த அழற்சியைக் கிளப்பிவிடும் என்பதையும், சுற்றுப்புறத்தைச் சீராக்கினால் அது திரும்ப வருவது குறையும் என்பதையும் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் காட்டின. ஆண் பூனை திரும்பத் திரும்ப லிட்டர் தட்டில் (பூனை மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் தட்டு) போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனாலோ ஒன்றுமே போகாவிட்டாலோ அது அவசரம். அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

2. வயிற்று முடியை நக்கி நக்கி வழுக்கையாக்குவது. முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சி, தோல் ஒவ்வாமை. அப்புறம்தான் மனசு.

3. இரவில் ஓலம். கருத்தடை செய்யாத பெண் பூனை என்றால் பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்; ஆபரேஷன் செய்தால் தீரும். பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை புதிதாகக் கத்தினால் தைராய்டு, ரத்த அழுத்தம், காது மந்தம், மறதி என்று டாக்டர் பார்க்க வேண்டிய பட்டியல் இருக்கிறது.

4. சுருண்டு கிடப்பது. பூனை நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் தூங்கும், அது சோகமில்லை. வேலூர் வெயிலும் கணக்கில் வரவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், காங்கிரீட் கூரைக்குக் கீழே ஜன்னலையும் சாத்திவிட்டுப் போனால் யாருக்குமே ஆடத் தோன்றாது. மூக்கு சப்பையான பெர்சியன் பூனைக்கு அடர்ந்த முடியும் சேர்ந்து இரட்டைக் கஷ்டம். நாய்போல் வாயைத் திறந்து இரைத்தால் வெப்பத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு குளிர்ந்த இடத்துக்கு மாற்றி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சந்தேகம் தீர எளிய வழி ஒன்று உண்டு. பழைய மொபைலை அலமாரியில் சாய்த்து வீடியோவை ஓடவிட்டுப் போங்கள். பாதிப்பேருக்கு நிம்மதியும் கொஞ்சம் ஏமாற்றமும் கிடைக்கும்: நாம் போனதும் பூனை ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். கதவருகே நின்று மணிக்கணக்காகக் கத்துவது, சுவரோரமாக ஓயாமல் நடப்பது, வைத்த தீனியை ஆள் வரும்வரை தொடாமலே இருப்பது இவை தெரிந்தால் மட்டும் பிரிவுப் பதற்றம் என்று யோசிக்கலாம்.

இரண்டாவது பூனை

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுப்பது நல்ல யோசனை. பல வருடம் தனியாக ஆண்ட வீட்டில் திடீரென ஒரு புதுப் பூனையைக் கொண்டுவந்து இறக்குவது வேறு விஷயம். பழைய பூனையின் பார்வையில் வந்திருப்பது துணை அல்ல, எல்லையைத் தாண்டி உள்ளே புகுந்த அந்நியன்.

சண்டை நடந்தால் நமக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் நடப்பது சத்தமில்லாத அதிகாரம். சமையலறைக்கும் லிட்டர் தட்டுக்கும் இடையிலுள்ள நடையில் ஒரு பூனை ஒய்யாரமாகப் படுத்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும். மற்றது வாசற்படி வரை வரும், நிற்கும், படுத்திருப்பது தலையைத் திருப்பி இமைக்காமல் பார்க்கும். வந்தது திரும்பிப் போய்விடும். பத்து நிமிடம் கழித்து சோபா மூலையில் ஈரம். நாம் சோபாவை நனைத்ததைத் திட்டுவோம். நடையில் படுத்திருப்பதைத் தடவிக்கொடுப்போம்.

பக்கத்தில் பக்கத்தில் சாப்பிடுகின்றன, ஆகவே சிநேகிதர்கள் என்பதும் தப்புக் கணக்கு. தட்டு அங்கே மட்டும் இருப்பதால் சகித்துக்கொள்கின்றன. உண்மையான நட்பென்றால் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும், உடம்பு ஒட்டித் தூங்கும், எதிரில் வரும்போது வால் செங்குத்தாக நிற்கும்.

அப்படியும் இரண்டாவது பூனை வேண்டும் என்றால், முறை இது:

1. புதிய பூனைக்குத் தனி அறை, அதற்கென்று தட்டு, தண்ணீர், லிட்டர். சில நாளாவது கதவு மூடியே இருக்கட்டும்.

2. ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் போடுங்கள். வாசனைதான் முதல் அறிமுகம்.

3. மூடிய கதவின் இருபுறமும் தீனி. பிறகு கொசுவலைக் கதவோ கம்பிக் கதவோ வழியாகப் பார்வை. யாராவது சீறினால் ஒரு படி பின்னே போக வேண்டும்.

4. லிட்டர் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். இரண்டு பூனைக்கு மூன்று, மூன்றும் வேறு வேறு இடத்தில். வரிசையாக மூன்றை வைத்தால் பூனை கணக்கில் அது ஒன்றுதான்.

இதற்கு வாரங்கள் ஆகலாம், மாதமும் ஆகலாம். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மூன்று தட்டுக்கு இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தால், அதுவே பதில்.

வேலை கொடுப்பது எப்படி

பூனை மருத்துவர்களின் அமெரிக்க, சர்வதேச அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2013ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. வீட்டுப் பூனைக்கு ஐந்து தேவை என்கிறது அது: ஒதுங்க ஓர் இடம், தீனி தண்ணீர் லிட்டர் ஆகியவை தனித்தனி இடங்களில், வேட்டைபோல் விளையாட வாய்ப்பு, மனிதரோடு ஒரே சீரான பழக்கம், அதன் மோப்பத்துக்கு மரியாதை. "இன்னொரு பூனை" இந்த ஐந்தில் இல்லை.

வேட்டை விளையாட்டுக்குத்தான் பலன் அதிகம். ஒரு குச்சியில் துணிக் கிழிசலைக் கட்டி முகத்துக்கு நேரே ஆட்டினால் பூனை சலித்துப்போகும். எந்த எலியும் பூனையின் முகத்தில் வந்து ஆடாது. துணியை மிதியடிக்கு அடியில் இழுத்துப் பாதி மறையவிடுங்கள். நிறுத்துங்கள். லேசாக ஒரு துடிப்பு. பூனை பின்புறத்தை அசைத்துக் குறிபார்ப்பது தெரியும். பாயட்டும், பிடிக்கட்டும், சில தடவை தப்பவும் விடுங்கள். கடைசியில் பிடித்ததோடு முடித்து, உடனே சாப்பாடு. பதுங்கல், பாய்ச்சல், தீனி, நக்கிச் சுத்தம், தூக்கம் என்ற வரிசை நிறைவேறினால் விடிகாலைத் தொல்லை தானாகக் குறையும். காலையில் கிளம்பும் முன் பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம் போதும். லேசர் விளக்கு மட்டும் வேண்டாம், அதில் பிடிக்க ஒன்றுமே கிடைப்பதில்லை. விளையாடிய கயிற்றையும் பூக்கட்டும் நூலையும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். விழுங்கினால் குடலை இழுத்துச் சுருக்கி ஆபரேஷன் வரை கொண்டுபோகும்.

தீனியையும் வேலையாக்கலாம். காட்டில் பூனை ஒரு நாளைக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத் தின்னும். காலையில் கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டுப் போவதற்குப் பதில், உலர் தீனியில் ஒரு பங்கை முட்டை அட்டையின் குழிகளிலும், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலிலும், அலமாரி மேலேயும் வைத்துப் போங்கள். தேடித் தின்னட்டும். (தயிர்சாதத்தில் வளர்ந்த பூனைகள் உண்டுதான். ஆனால் பூனைக்கு மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும்; அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.) தண்ணீரை மண் சட்டியில், தீனித் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் வைப்பது வெயில் காலத்தில் அவசியம்.

உயரம் கொடுப்பதற்குச் செலவே கிடையாது. லாஃப்டுக்கு ஏற ஒரு ஸ்டூல், பீரோ மேல் ஒரு பழைய போர்வை, ஜன்னல் திண்டில் உட்கார இடம். கீறுவதற்கு மேசைக் காலில் சணல் கயிறு சுற்றினால் போதும். பூனை முழு நீளத்துக்கு நிமிர்ந்து கீறும் அளவு உயரமாக, ஆடாமல் இருக்க வேண்டும்.

மோப்பம் நாம் அதிகம் கவனிக்காத விஷயம். வெள்ளிக்கிழமை வீட்டை ஃபினாயில் ஊற்றித் துடைத்து சாம்பிராணி போட்டால் நமக்கு மணக்கும். பூனைக்கு அது பத்திரமாகப் பதித்து வைத்த அடையாளமெல்லாம் அழிந்துபோன வீடு. ஃபினாயிலில் உள்ள பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக உடைக்கவும் முடியாது. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகும். அது புழங்கும் இடத்தை வெறும் தண்ணீரிலோ கொஞ்சம் சோப்பிலோ துடைக்கலாம். படுக்கைத் துணிகளை எல்லாம் ஒரே நாளில் துவைக்காமல் ஒன்றை விட்டுவைப்பது நல்லது.

வெளியே விட்டால் எல்லாம் தீருமே என்பார்கள். தெருநாய், வண்டி, வெறிநோய், சண்டைக் காயம் எல்லாம் வெளியேதான் இருக்கின்றன. பால்கனிக்குக் கம்பி வலை அடித்துக் கொடுப்பது நடுவழி.

ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ நாலு நாள் போக வேண்டியிருந்தால், இடம்தான் பூனைக்குத் தைரியம் என்ற விஷயம் இங்கே உதவும். பழகாத ஓர் இடத்தில் கொண்டுபோய் விடுவதைவிடச் சொந்த வீட்டிலேயே விட்டு, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துப் போவது பெரும்பாலான பூனைகளுக்கு நல்லது. காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வரட்டும், லிட்டர் அள்ளட்டும், கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். பூனை ஒளிந்துகொண்டால் இழுக்க வேண்டாம். போவதற்கு முன்பே ஓரிரு தடவை அவரை வீட்டுக்கு வரவழைத்து அவர் கையால் தீனி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் உடுத்திய துவைக்காத சட்டை ஒன்று அதன் படுக்கையில் கிடக்கட்டும்.

அந்த அக்காவிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது, தட்டில் தீனி குறைகிறதா என்று பார்ப்பது. நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தாங்கும். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே செயலிழக்கும். ஒரு நாள் முழுக்கத் தீனி தொடவில்லை என்றால் உங்களுக்கு போன் வர வேண்டும், அடுத்த போன் கால்நடை டாக்டருக்குப் போக வேண்டும்.